முழங்கால் காயமும் பிற்காலத் தேய்மானமும்: மூட்டுநீர் சொல்லும் சேதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. முழங்காலில் அடிபட்டவர்களின் மூட்டுநீரில் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஆய்வகத்தில் சில வருடம் வேலை பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் இப்படி ஒரு வேலை என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரர் முட்டியைத் தொட்டுக் காட்டிக் கேள்வி கேட்பார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் முட்டிக்கு என்ன வைத்தியம் என்பதை உங்கள் எலும்பு டாக்டரும் பிசியோதெரபிஸ்டும்தான் சொல்ல வேண்டும்.

"ஜவ்வு கிழிந்துவிட்டது" என்றார்கள். எந்த ஜவ்வு?

முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் முட்டிக்குள் எது கிழிந்தாலும் ஜவ்வுதான். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கும் கயிறு போன்ற ஏ.சி.எல். அறுந்தாலும் ஜவ்வு. இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் மெத்தை போல உட்கார்ந்திருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வு. எலும்பு முனையில் வழவழவென்று படிந்திருக்கும் குருத்தெலும்பு இவை இரண்டும் இல்லாத மூன்றாவது சங்கதி. பேச்சுவழக்கில் தேய்மானம் என்று சொல்வது அது கெடுவதைத்தான். ஏ.சி.எல்.லும் மெனிஸ்கஸும் ஒரே விபத்தில் சேர்ந்து கிழிவது சாதாரணம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

சரி, இப்போது அடிபட்டால் பிற்காலத்தில் தேய்மானம் கட்டாயம் வருமா?

கட்டாயம் இல்லை. ஆனால் வாய்ப்பு கூடுகிறது, அதுவும் கொஞ்ச நஞ்சமாக இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குகளின்படி, முழங்காலில் பெரிய காயம் படாதவர்களைவிடப் பட்டவர்களுக்கு ஏறக்குறைய 4 முதல் 6 மடங்கு.

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படுவது ஸ்வீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு. ஸ்டெஃபன் லோமாண்டரும் அவருடைய சகாக்களும், ஏ.சி.எல். அறுந்த பெண் கால்பந்து வீராங்கனைகளை 12 வருடம் கழித்துக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் 67 பேர், சராசரி வயது 31. அடிபட்ட முட்டியில் பாதிப் பேருக்குத் தேய்மானம் என்று சொல்லும் அளவுக்கு மாற்றம் இருந்தது. முப்பத்தொரு வயதில்! நம் வீடுகளில் பாட்டிமார் மாடிப்படி ஏறும்போது சொல்லும் வார்த்தை அது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த 1,321 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. இளவயதில் முழங்காலில் அடிபட்டவர்களில் 13.9 சதவீதம் பேருக்கு 65 வயதுக்குள் முழங்கால் தேய்மானம் வந்தது, அடிபடாதவர்களில் 6 சதவீதம் பேருக்கு. இந்தக் கணக்கைத் திருப்பிப் படித்தால், அடிபட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு 65 வயது வரை வரவில்லை. ஸ்வீடன் கணக்கு பயமுறுத்துகிறது, இது கொஞ்சம் ஆறுதல் தருகிறது. இரண்டும் உண்மைதான். முன்னது ஏ.சி.எல். அறுந்தவர்களை எக்ஸ்ரேயில் தேடிப் பார்த்தது, பின்னது எல்லா வகைக் காயத்தையும் சேர்த்து, நோய் என்று கண்டறியப்பட்டவர்களை மட்டும் எண்ணியது.

எனக்கு எக்ஸ்ரே நார்மல் என்றார்களே?

அடிபட்ட புதிதில் நார்மலாகத்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புக்கு நடுவே உள்ள இடைவெளி தெரியும், எலும்பு ஓரத்தில் முளைக்கும் முள் தெரியும், அவ்வளவுதான். இடைவெளி குறைந்து படத்தில் தெரிவதற்குள் பல வருடம் ஓடிவிடும். எம்.ஆர்.ஐ. இன்னும் முன்னதாகச் சிலவற்றைக் காட்டும். ஆனால் குருத்தெலும்புக்குள் அரிப்பு தொடங்குவது அதற்கும் முன்னால், அடிபட்ட அன்றே. அந்த முதல் கட்டத்தைப் பார்க்கத்தான் மூலக்கூறுகளைத் தேடிப் போகிறோம்.

பயோமார்க்கர் என்றால் என்ன?

உடம்புக்குள் நடப்பதை வெளியிலிருந்து அளந்து சொல்ல உதவும் அடையாளம். சர்க்கரை நோய்க்கு எச்.பி.ஏ.1.சி. பார்க்கிறோம் இல்லையா, அது ஒரு பயோமார்க்கர். முட்டியைப் பொறுத்தவரை இவை பெரும்பாலும் மூட்டுநீர், ரத்தம், சிறுநீர் ஆகியவற்றில் மிதக்கும் புரதங்களும் அவற்றின் உடைந்த துண்டுகளும்தான். தமிழில் உயிர்க்குறியீடு, உயிர்க்குறிப்பான் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பேச்சில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நானும் பயோமார்க்கர் என்றே எழுதுகிறேன்.

மூட்டுநீரை எப்படி எடுத்து அளக்கிறார்கள்?

நல்ல முட்டியில் மூட்டுநீர் மிகவும் குறைவு, மூன்று நான்கு மில்லி இருந்தால் அதிகம். வெளிர் மஞ்சளாக, தெளிவாக, முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். சிரிஞ்சிலிருந்து ஒரு சொட்டு விட்டால் சட்டென்று விழாது, நூலாக நீண்டு அப்புறம்தான் அறுந்து விழும். அடிபட்ட முட்டி வேறு மாதிரி. ஏ.சி.எல். அறுந்து சில நாட்களில் வருபவருக்கு 30, 40 மில்லிகூடக் கோத்திருக்கும். ஊசி போட்டு இழுத்தால் நீர்த்த ரத்தம் போல வரும். அதில் கொழுப்புச் சொட்டு மிதந்தால் எலும்பிலும் விரிசல் இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்படுவார்.

ஆய்வகத்துக்கு வந்ததும் சுழற்றி, செல்களைக் கீழே தள்ளி, மேலே தெளிந்ததைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுவோம். அளக்கும் நாளில்தான் தலைவலி. இந்த வழவழப்புக்குக் காரணம் ஹயலுரோனான் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலி. பிப்பெட்டில் 50 மைக்ரோலிட்டர் எடுத்தால் முனையிலேயே ஒட்டிக்கொண்டு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கும். அளவு தப்பினால் முடிவும் தப்பு. அதனால் அந்தச் சங்கிலியை வெட்டும் ஒரு என்சைமைச் சேர்த்து, தண்ணீர் போலாக்கிக்கொண்டுதான் அளக்க ஆரம்பிப்போம். நான் சேர்ந்த புதிதில் இதை மறந்து ஒரு முழுத் தட்டையே வீணாக்கியிருக்கிறேன். 96 குழி, ஒன்றுகூட ஒழுங்கில்லை.

அடிபட்ட அன்றிலிருந்து முட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

வீக்கத்தில் தொடங்கலாம். அறுந்த ஏ.சி.எல்.லில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்களும் சேர்ந்து அறுவதால் மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது. எலும்போடு எலும்பு மோதிய இடத்தில் குருத்தெலும்புச் செல்கள் சில உடனே சாகின்றன. பிழைத்த செல்களும், மூட்டின் உள்சவ்வும் ஆபத்து என்று குரல் கொடுக்கின்றன. அந்தக் குரல்தான் ஐ.எல்-6, ஐ.எல்-8, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் புரதங்கள். ஐ.எல்-6 முதல் சில நாட்களில் மளமளவென்று ஏறும், நல்ல முட்டியில் இருப்பதைவிடப் பல நூறு மடங்குகூடப் போகும். அப்புறம் வாரக்கணக்கில் இறங்கிவரும்.

இந்தக் குரலைக் கேட்டுக் கிளம்புபவை வெட்டும் என்சைம்கள். எம்.எம்.பி-3 என்ற என்சைம் ஒன்று உண்டு. அடிபட்டவர்களின் மூட்டுநீரில் அது ஏறுவதையும், வருடங்கள் கழிந்த பிறகும் முழுக்கப் பழைய அளவுக்கு இறங்காமல் கிடப்பதையும் லுண்ட் குழு 1990களிலேயே எழுதிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வலி போய்விட்டது, வீக்கம் வடிந்துவிட்டது, ஆள் பைக் ஓட்டுகிறார். உள்ளே கத்தரிக்கோல் இன்னும் உறைக்குள் போகவில்லை.

எல்லாமே கெடுதல் செய்பவை என்று நினைத்துவிட வேண்டாம். டி.எஸ்.ஜி-6, டி.ஐ.எம்.பி-1 போன்ற அடக்கும் புரதங்களும் கூடவே ஏறுகின்றன. வெட்டுபவனும் தடுப்பவனும் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் இடம் அது. யார் கை ஓங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

எதைத்தான் வெட்டுகின்றன?

குருத்தெலும்பில் இரண்டு பெரிய சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று அக்ரிகன். பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி வடிவம், தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குருத்தெலும்பு அமுங்கி மீளுவது அதனால்தான். இன்னொன்று, இந்தப் பிரஷ்களைச் சிதறாமல் கட்டிவைக்கும் வலை, இரண்டாம் வகைக் கொலாஜன்.

முதலில் வெட்டுப்படுவது அக்ரிகன். அடாம்ட்ஸ்-4, அடாம்ட்ஸ்-5 என்ற இரண்டு என்சைம்கள் அதை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகின்றன. வெட்டிய துண்டின் முனையில் அலனின், ஆர்ஜினின், கிளைசின், செரின் என்ற நான்கு அமினோ அமிலங்கள் அதே வரிசையில் நிற்கும். அவற்றின் ஓரெழுத்துக் குறியீட்டை வைத்து ஏ.ஆர்.ஜி.எஸ். துண்டு என்பார்கள். வாழைத்தண்டை வெட்டினால்தானே உள்ளே இருக்கும் வளையம் கண்ணுக்குத் தெரிகிறது, அது போல முழு அக்ரிகனில் இந்த முனை வெளியே தெரியாது. வெட்டுப்பட்ட முனையை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை வைத்துத் தேடினால், வெட்டு நடந்திருக்கிறதா என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். அடிபட்ட முட்டியின் மூட்டுநீரில் அக்ரிகன் துண்டுகள் கூடியிருப்பதை லோமாண்டர் குழு 1989இலேயே காட்டியது.

அக்ரிகன் போனால் செல்கள் புதிதாகச் செய்து கொடுக்கும். ஓரளவுக்கு ஈடுகட்டலாம். கொலாஜன் போனால் அப்படி இல்லை.

கொலாஜன் ஏன் திரும்ப வளராது? தோலில் காயம் ஆறுகிறதே?

தோல் கொலாஜன் வேறு கதை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தோல் கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்பட ஏறக்குறைய 15 வருடம், குருத்தெலும்புக் கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்பட 117 வருடம். மனுஷன் ஆயுளே அவ்வளவு இல்லை.

அதைவிடச் சுவாரசியமானது 2016இல் டென்மார்க் குழு வெளியிட்டது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அணுகுண்டுச் சோதனைகள் வானில் நடந்தபோது காற்றில் கார்பன்-14 ஏறியது. 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்ல இறங்கியது. அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் சாப்பிட்ட சாப்பாட்டில் இருந்த கார்பன்-14 அவர்களின் திசுக்களிலும் பதிந்தது. அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு முழங்கால் குருத்தெலும்பை எடுத்து அளந்தால், கொலாஜனில் இருந்தது அவர்கள் சின்ன வயதில் இருந்த காலத்துக் கார்பன். அதாவது பள்ளிக்கூட வயதில் நெய்த வலைதான் சாகும்வரை. தேய்மானம் வந்தவர்களிடமும் புதிதாக நெய்ததாகத் தெரியவில்லை. இதைப் படித்த அன்று என் முட்டியைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தேன்.

முட்டியில் ஊசி குத்தாமல் ரத்தத்திலோ சிறுநீரிலோ பார்க்க முடியாதா?

முடியும், ஆனால் கலங்கல். சிறுநீரில் அதிகம் அளக்கப்பட்டது சி.டி.எக்ஸ்-2, இரண்டாம் வகைக் கொலாஜன் உடைந்தால் வரும் துண்டு. ரத்தத்தில் காம்ப் என்ற குருத்தெலும்புப் புரதம்.

சிக்கல் என்னவென்றால், சிறுநீரில் வரும் துண்டு எந்த மூட்டிலிருந்து வந்தது என்று விலாசம் எழுதிக்கொண்டு வருவதில்லை. இடது முட்டியா, இடுப்பா, முதுகுத்தண்டு வட்டா, தெரியாது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் இடங்களிலிருந்தே சி.டி.எக்ஸ்-2 ஏராளமாக வரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஏறும். காலையில் அதிகம், பிறகு குறைவு. அதனால் காலையில் இரண்டாவது முறை போகும் சிறுநீரைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். காம்ப் இன்னும் சஞ்சலமானது. அரை மணி நேரம் நடந்தாலே கொஞ்சம் ஏறும், உட்கார்ந்து ஓய்வெடுத்தால் இறங்கும். ஆய்வுக்கு வருபவர்களை ரத்தம் எடுக்கும் முன் அரை மணி நேரம் சும்மா உட்காரச் சொல்வது இதனால்தான். பஸ்ஸுக்கு ஓடிப் பிடித்து வந்தவரின் ரத்தத்தை அப்படியே எடுத்தால் அது பஸ்ஸின் கதையைச் சொல்லும், முட்டியின் கதையை இல்லை.

எங்கள் லேபில் சி.டி.எக்ஸ். டெஸ்ட் போட்டிருக்கிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம். பட்டியலில் சி.டி.எக்ஸ். என்றோ பீட்டா கிராஸ்லாப்ஸ் என்றோ இருப்பது பெரும்பாலும் முதல் வகைக் கொலாஜனின் துண்டு. அது எலும்புத் தேய்வைப் பார்க்க, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க. பெயர் ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம். சி.டி.எக்ஸ்-2 ஆய்வுக்கூடங்களில் பயன்படுவது. அதை எடுத்தாலும் உங்கள் டாக்டர் அந்த எண்ணை வைத்து எதையும் மாற்றப் போவதில்லை.

சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், யூரிக் ஆசிட் எல்லாம் நார்மல். அப்போது தேய்மானம் வராதுதானே?

சம்பந்தம் இல்லை. அவை முடக்குவாதத்தையும் யூரிக் ஆசிட் படிவால் வரும் கவுட் நோயையும் பிரித்துப் பார்க்க எடுப்பவை.

மூட்டுநீரை அளந்து "உனக்கு வரும், உனக்கு வராது" என்று சொல்ல முடியுமா?

இன்றைக்கு முடியாது. நெருங்கிப் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் கிக் என்ற பெயரில் 150 பேரைச் சேர்த்தார்கள். 16 முதல் 50 வயது, அடிபட்டு 8 வாரத்துக்குள் வந்தவர்கள். மூட்டுநீரையும் ரத்தத்தையும் எடுத்துவிட்டு, முட்டி எப்படி இருக்கிறது என்று கேள்வித்தாள் மூலம் 2 வருடம் தொடர்ந்து கேட்டார்கள். தொடக்கத்தில் வீக்கம் அதிகமாக இருந்து மூட்டுநீரில் ரத்தமும் கலந்திருந்தவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் மோசம். மூட்டுநீரில் ஐ.எல்-6, எம்.சி.பி-1 ஆகிய அழற்சிப் புரதங்களின் அளவுக்கும் பின்னால் இருந்த வலிக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் கவனியுங்கள், அது 2 வருட வலி. 15 வருடத் தேய்மானம் இல்லை. இரண்டும் ஒன்றா என்பதற்கு அந்த 150 பேருக்கு வயது ஏற வேண்டும்.

இன்னொரு பக்கம், ஏற்கெனவே தேய்மானம் இருந்த 600 அமெரிக்கர்களிடம் ரத்தத்திலும் சிறுநீரிலும் 18 பயோமார்க்கர்களை அளந்து, யாருக்கு மோசமாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்த்தார்கள். இதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. 0.5 என்றால் காசு சுண்டிப் போட்டுச் சொன்னது மாதிரி, 1 என்றால் அச்சு அசல். பல மார்க்கர்களைச் சேர்த்தும் மதிப்பெண் 0.7ஐ எட்டவில்லை. கூட்டத்தைப் பற்றிப் பேசலாம், உங்கள் முட்டியைப் பற்றிப் பேசக்கூடாது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

ஆபரேஷன் செய்துகொண்டால் தேய்மானத்தைத் தடுக்கலாமா?

நான் அதிகம் சண்டை போட்ட கேள்வி இது. ஏ.சி.எல். ஆபரேஷன் முட்டி நழுவுவதை நிறுத்தும். விளையாட்டுக்குத் திரும்ப விரும்புபவருக்கு, முட்டி அடிக்கடி பிசகி விழுபவருக்கு அது பெரிய உதவி. ஆனால் தேய்மானத்தைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

ஸ்வீடனில் கேனான் என்ற ஆய்வு நடந்தது. 18 முதல் 35 வயது வரையிலான 121 பேர், எல்லோருக்கும் ஏ.சி.எல். புதிதாக அறுந்தது. குலுக்கல் முறையில் 62 பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷனும் பயிற்சியும். 59 பேருக்குப் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பின்னால் ஆபரேஷன். 5 வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டாவது கூட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபரேஷன் இல்லாமலே இருந்தார்கள். வலி, நடமாட்டம், எக்ஸ்ரேயில் தேய்மானம் எதிலும் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை.

அதே ஆட்களின் மூட்டுநீரையும் எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பிறகு அளந்தபோது, ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் சில அழற்சிப் புரதங்கள் மாதங்கள் கழித்தும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. எலும்பில் துளை போட்டுத் தசைநாணைக் கோத்துக் கட்டுவதும் மூட்டுக்கு ஒரு காயம்தானே, இரண்டாவது அடி. இதைச் சொன்னதும் "அப்போ ஆபரேஷன் வேண்டாமா?" என்று குதிப்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. முட்டி நிற்கவில்லை என்றால் செய்துகொள்ளுங்கள், தேய்மானத்துக்குப் பயந்து மட்டும் செய்துகொள்ளாதீர்கள்.

மெனிஸ்கஸ் விஷயத்தில் பாடம் பழையது. 1948லேயே ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய டாக்டர், மெனிஸ்கஸை எடுத்துவிட்ட முட்டிகளின் எக்ஸ்ரேயில் மாற்றங்கள் வருவதை எழுதிவிட்டார். அப்படியும் பல வருடம் அதை முழுக்க எடுத்துப் போடுவது வழக்கமாக இருந்தது. இப்போது தைக்க முடிந்தால் தைக்கிறார்கள், எடுத்தாலும் முடிந்தவரை கொஞ்சமாக.

ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்து அழற்சியை அடக்கிவிட்டால்?

நியாயமான யோசனை, சின்ன அளவில் செய்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏ.சி.எல். புதிதாக அறுந்த 11 பேரில் சிலருக்கு, ஐ.எல்-1 என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் அனகின்ரா மருந்தை முட்டிக்குள் போட்டார்கள். இரண்டு வாரத்தில் வலி அவர்களுக்குக் குறைவு. இன்னொரு ஆய்வில் 49 பேர், டிரையாம்சினலோன் ஸ்டீராய்டு ஊசி. ஊசி போட்டவர்களிடம் சி.டி.எக்ஸ்-2 அவ்வளவாக ஏறவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்கள் குறைவு, காலம் குறைவு. பிற்காலத் தேய்மானம் தடுக்கப்பட்டதா என்று இவற்றால் சொல்ல முடியாது. இதைக் காட்டி யாராவது ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால், எத்தனை பேரிடம், எத்தனை வருடம் பார்த்தது என்று கேளுங்கள்.

வெட்டும் என்சைமையே நிறுத்தும் மருந்து இல்லையா?

செய்தார்கள். எங்கள் துறையில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல் தந்த கதை இது. 2005இல் அடாம்ட்ஸ்-5 மரபணுவை நீக்கிய எலிகளின் முட்டியில் மெனிஸ்கஸின் பிடிப்பை அறுத்துவிட்டுப் பார்த்தார்கள். மற்ற எலிகளுக்கு வந்த அளவு தேய்மானம் அவற்றுக்கு வரவில்லை. சரி, கத்தரிக்கோலைக் கண்டுபிடித்துவிட்டோம், இனி அதை மழுங்கடித்தால் போதும் என்று எல்லோருக்கும் உற்சாகம். கேலபகோஸ் என்ற பெல்ஜியம் நிறுவனமும் பிரான்ஸின் செர்வியேவும் சேர்ந்து அப்படி ஒரு மாத்திரை கொண்டுவந்தன. மாத்திரை போட்டவர்களின் ரத்தத்தில் ஏ.ஆர்.ஜி.எஸ். துண்டு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பயோமார்க்கர் அப்படியே சொன்ன பேச்சைக் கேட்டது.

பிறகு ரொசெல்லா என்ற பெயரில் 932 பேரிடம், 52 வாரம் ஆய்வு. 2020இல் முடிவு வந்தது. குருத்தெலும்பு தேய்வது குறையவில்லை. வலியும் குறையவில்லை.

ஏன்? அவர்களுக்கு ஏற்கெனவே தேய்மானம் முற்றியிருந்தது, அந்த நிலையில் அக்ரிகனைக் காப்பாற்றி என்ன பயன், அடிபட்ட உடனேயே கொடுத்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்று ஒரு வாதம். எனக்கும் அது பிடித்த வாதம்தான். ஆனால் பிடித்திருப்பதால் உண்மையாகிவிடாது. ரத்தத்தில் ஒரு எண் இறங்கினால் முட்டி தேறிவிட்டது என்று யாராவது விளம்பரம் செய்தால் இந்த 932 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ஃபார்மின் மாத்திரை தேய்மானத்தைத் தடுக்கும் என்று படித்தேனே?

ஏ.சி.எல். ஆபரேஷன் செய்தவர்களிடம் அதைச் சோதிக்கும் ஆய்வு அமெரிக்காவில் எடுக்கப்பட்டிருக்கிறது. அதன் முடிவு தெரியும்வரை அம்மாவின் சுகர் மாத்திரை டப்பாவில் கை வைக்காதீர்கள்.

முட்டியில் கோத்த நீரை எடுத்துவிட்டால் கெட்ட புரதமெல்லாம் வெளியே போய்விடுமா?

கொஞ்சம் போகும், மறுபடி சுரக்கும். வீக்கம் இறுக்கமாக இருந்தால் எடுப்பது வலிக்கு நல்லது. தொடையின் முன் தசை வேலை செய்யவும் வசதி, ஏனென்றால் முட்டியில் நீர் கோத்தால் அந்தத் தசை தானாகவே அணைந்துபோகிறது. எடுப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

எண்ணெய் தடவி நீவிவிடலாமா?

புதிதாக அடிபட்டு வீங்கியிருக்கும்போது அழுத்தி நீவவே வேண்டாம். கிழிந்தது எது என்று தெரியும் வரையாவது பொறுங்கள்.

டெஸ்டும் இல்லை, மருந்தும் இல்லை என்கிறீர்கள். நான் என்னதான் செய்வது?

தொடைத் தசை. அடிபட்ட முட்டிக்காரர்களுக்கு முதலில் சூம்புவது முன்தொடைதான். இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில் டேப் வைத்து அளந்து பாருங்கள், ஆறு மாதம் ஆன பிறகும் சிலருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். வலி போனதும் பயிற்சியை நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன், என் வலது முட்டிக்கு. பிசியோ கொடுத்த தாள் பிரிட்ஜ் கதவில் ஒரு வருடம் ஒட்டியிருந்தது, தாள் மட்டும்.

அடுத்தது மறுபடி அடிபடாமல் இருப்பது. ஏ.சி.எல். ஆபரேஷனுக்குப் பிறகு 9 மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக நார்வே ஆய்வு ஒன்று 2016இல் சொன்னது. ஆறாவது மாதம் "நல்லாத்தான் இருக்கு" என்று இறங்கும் பையன்களைக் கட்டிப்போட முடியாது. ஆனால் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கலாம். எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது மூன்றாவது. அடிபட்ட பிறகு ஓடியாடுவது குறைந்து, சாப்பாடு குறையாததால் எடை ஏறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு 15 வயது, கால்பந்து ஆடுகிறாள். நிறுத்திவிடவா?

எதற்கு நிறுத்த வேண்டும்? பெண் பிள்ளைகளுக்கு ஏ.சி.எல். அறுவது ஆண் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் குதித்து இறங்குவது, சட்டென்று திரும்புவது, சமநிலை ஆகியவற்றைப் பழக்கும் வார்ம்-அப் முறைகளால் முட்டிக் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன. ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒன்று இருக்கிறது, சுமார் 20 நிமிடம், சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடப் பி.டி. சாரிடம் கேளுங்கள். செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள்.

எனக்கு ஜவ்வு கிழிந்து 20 வருடம் ஆகிறது. வலி இல்லை. இப்போது மூட்டுநீரை எடுத்துப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். எடுக்க அங்கே ஒரு மில்லி கிடைத்தாலே அதிகம்.